பின்பக்கத்தில் ஒரு பெயர்

கஸ்டர் கவுண்டி, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு நடுவில் இருக்கிறது. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம்போல. புல் மூடிய மணல்மேடுகள், மக்காச்சோளக் காடுகள், மாட்டுப் பண்ணைகள். மைல் கணக்கில் போனால்தான் அடுத்த வீடு கண்ணில் படும். 1886-இல் இங்கே சாலமன் புட்சர் என்பவர் தன் அப்பாவிடம் போய் ஒரு வண்டி கேட்டார். கவுண்டி முழுக்கச் சுற்றி, ஒவ்வொரு குடும்பத்தையும் அவர்கள் வீட்டு வாசலிலேயே வைத்துப் படம் எடுக்கப்போகிறேன், அவர்கள் கதையையும் கேட்டு எழுதி, இந்தக் கவுண்டியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போகிறேன் என்றார். அவருக்கு அப்போது முப்பது வயது. விவசாயம் அவருக்குச் சரிப்படவில்லை. மினியாபொலிஸில் மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியிருந்தார். ஊரில் தொடங்கிய ஸ்டுடியோவும் சோறு போடவில்லை. இத்தனைக்குப் பிறகும் அப்பா வண்டியைக் கொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அந்தப் பெரியவரை நான் அடிக்கடி நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

இந்த மாநிலத்தில் வாழ்க்கைப்பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. சிறிய ஊர் ஒன்றில் இருக்கிறோம். சனிக்கிழமைகளில் எங்கள் கவுண்டி அருங்காட்சியகத்தில் பழைய படங்களைப் பிரித்து, துடைத்து, ஸ்கேன் செய்து, உறை போட்டு வைக்கும் வேலைக்குப் போகிறேன். சம்பளம் இல்லாத வேலை. என்னோடு இருப்பவர்கள் எல்லோரும் எழுபது தாண்டியவர்கள். புட்சரைப் பற்றி அவர்கள்தான் எனக்கு முதலில் சொன்னார்கள், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல.

அவர் படங்களில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். 1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 160 ஏக்கர் நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். அதை நம்பிக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வந்த இடத்தில் மரமே இல்லை. ஆகவே புல்லோடும் வேரோடும் மண்ணை ஏரால் பாளம் பாளமாக அறுத்து, செங்கல்போல அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கூரையிலும் அதே புல்மண். மழை பெய்தால் உள்ளே இரண்டு நாள் சேற்றுத்தண்ணீர் சொட்டும். மண்ணும் பூச்சியும் சாப்பாட்டுத் தட்டில் விழாமலிருக்கக் கூரைக்குக் கீழே துணி கட்டி வைப்பார்கள். உள்ளே இருட்டு. அதனால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வந்து வைத்துத்தான் படம். மேசை, நாற்காலி, பறவைக் கூண்டு, குதிரைகள், அறுத்து வைத்த தர்ப்பூசணி. ராடிங் என்ற குடும்பத்தின் படத்தில் மாடு ஒன்று வீட்டுக் கூரைமேல் நிற்பதுபோலத் தெரியும். வீட்டை மேட்டை ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் மேட்டில் மேயும் மாடு அது. என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் வாசலில் பரப்பி வைத்துவிட்டு, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹில்டன் குடும்பத்தின் படம். அந்த வீட்டில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் இருந்தது. கிழக்கே இருக்கும் உறவினர்களுக்கு, எங்களிடம் ஆர்கன் இருக்கிறது என்று காட்டவேண்டும். ஆனால் மண்வீட்டில் இருக்கிறோம் என்று தெரியக்கூடாது. என்ன செய்வது? ஆர்கனைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொழுவத்துப் பக்கம் வெட்டவெளியில் வைத்து, அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சுற்றிலும் மாடுகளும் வண்டியும் வெறும் தரையும். இந்தக் கதையைப் புட்சர் குறித்து வைக்காமல் போயிருந்தால் இன்று அந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே புரியாது. பொட்டல்வெளியில் ஏன் ஆர்கன், பைத்தியக்காரக் குடும்பமா என்றுதான் தோன்றும். குறிப்பு இருப்பதால் அந்த வீட்டுப் பெண்களின் பெருமையும் கூச்சமும் அப்படியே நம் கைக்கு வந்து சேர்கின்றன.

கிறிஸ்மன் சகோதரிகள் நால்வரின் படம் 1886-இல் எடுத்தது. புல்மண் வீட்டின் முன்னால், சேணம் பூட்டிய குதிரைகளோடு நான்கு பெண்கள். குறிப்பு இல்லாவிட்டால் வெறும் நான்கு அக்கா தங்கைகள். குறிப்பு இருப்பதால் தெரிகிறது: மூத்தவர் லிஸ்ஸி 1887-இல் தன் பெயரிலேயே நிலத்துக்கு மனுப் போட்டார், லூட்டி அடுத்த வருடம், இளையவர்கள் இருவரும் வயது வரும்வரை காத்திருந்து 1892-இல். கல்யாணமாகாத பெண் தன் பெயரில் நிலம் வாங்க முடிந்த காலம் அது. அந்தக் குதிரைகளின் கடிவாளத்தை அவர்கள் பிடித்திருக்கும் விதமே இதைத் தெரிந்துகொண்ட பிறகு வேறாகத் தெரிகிறது எனக்கு.

இன்னொன்று. ஜெரி ஷோர்ஸ் என்பவரின் குடும்பப் படம், 1887. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு வந்து கஸ்டர் கவுண்டியில் நிலம் எடுத்த கறுப்பினத்தவர். பக்கத்து நிலங்கள் மோசஸ் ஸ்பீஸ், ஹென்றி வெப் ஆகிய இருவருடையவை. மூன்று பேரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பிகள். ஒவ்வொருவரும் தன்னை வைத்திருந்த எஜமானரின் குடும்பப் பெயரைச் சுமந்து வந்ததால் மூவருக்கும் மூன்று பெயர். யாரோ கேட்டு எழுதி வைக்காவிட்டால், நிலப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் இவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா? நான் இந்த வேலையில் தொடர்ந்து இருப்பதற்கு இந்த மூன்று பெயர்களும் ஒரு காரணம்.

புட்சரின் பதிவில் குறைகளும் உண்டு. பெரிய மாட்டுப் பண்ணைகளின் வேலியைக் குடியேறிகள் வெட்டிய சண்டைகளைப் பிற்பாடு ஆட்களை முகமூடியோடு நிறுத்தி நடிக்கவைத்து எடுத்திருக்கிறார். சில கண்ணாடித் தகடுகளில் (அந்தக் காலத்து நெகட்டிவ் கண்ணாடியில்தான்) கையால் வரைந்தும் சேர்த்திருக்கிறார். இதைவிடப் பெரிய குறை, அவர் படங்களில் யார் இல்லை என்பது. குடியேறிகளுக்கு முன்னால் இந்தப் புல்வெளிகளில் எருமை வேட்டைக்கு வந்துபோன பானி பூர்வகுடி மக்கள் 1870-களிலேயே இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். கவுண்டிக்கு வைத்த பெயரோ, பூர்வகுடிகளோடு போரிட்டு இறந்த தளபதி கஸ்டருடையது. அந்தப் புல்மண் வீட்டுப் படங்களைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

1899 மார்ச்சில் புட்சரின் வீடு எரிந்தது. அச்சுப் படங்கள் போயின. அத்தனை வருடம் வீடு வீடாகக் கேட்டு எழுதிய வாழ்க்கைக் கதைகளும் போயின. கண்ணாடி நெகட்டிவ்கள் தானியக் கொட்டகையில் இருந்ததால் பிழைத்தன. படம் தப்பியது, எழுத்து எரிந்தது. அவர் விடவில்லை. மறுபடியும் எல்லோரிடமும் கேட்டு வாங்கி, பண்ணைக்காரர் ஃபிஞ்ச் என்பவர் பணம் கொடுத்து உதவ, 1901-இல் கஸ்டர் கவுண்டியின் முன்னோடி வரலாற்றைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். பிறகு கண்ணாடித் தகடுகளை மாநில வரலாற்றுச் சங்கம் 600 டாலருக்கு வாங்கியது. சங்கத்துக்காகவே உட்கார்ந்து தகடுகளுக்குக் குறிப்பும் எழுதிக் கொடுத்தார். 1927-இல் இறக்கும்போது, வாழ்க்கையில் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணத்தோடுதான் இறந்தார். இன்று 3,000-க்கும் மேற்பட்ட அந்தத் தகடுகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடி நெகட்டிவ் அளவில் பெரியது. அதில் பதிந்திருக்கும் நுணுக்கத்தை அந்தக் காலத்து அச்சுத்தாள் முழுதும் வெளியே காட்டியதில்லை. நல்ல ஸ்கேனில், வெறும் கறுப்பாகத் தெரிந்த வாசலுக்குள் வெளிச்சத்தைக் கூட்டினால் உள்ளே இருக்கும் பொருள்கள் துலங்குகின்றன.

இதற்கு நேர்மாறான கதை ஆர்கன்ஸா மாநிலத்தில் நடந்தது. கிளெபர்ன் கவுண்டியின் ஹீபர் ஸ்பிரிங்ஸ் ஊரில் மைக் டிஸ்ஃபார்மர் என்பவர் ஸ்டுடியோ வைத்திருந்தார். யாரோடும் சேராதவர். சனிக்கிழமை சந்தைக்கு வரும் விவசாயக் குடும்பங்களும், போருக்குப் போகும் பையன்களும் வந்து நின்று சில காசுக்குப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அலங்காரத் திரை கிடையாது, சிரிக்கச் சொல்வதும் கிடையாது. 1959-இல் அவர் இறந்தபின், ஸ்டுடியோவில் கிடந்ததை ஜோ ஆல்பிரைட் என்ற உள்ளூர்க்காரர் 5 டாலருக்கு வாங்கித் தன் இடத்தில் வைத்திருந்தார். 1970-களில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றை நடத்திய பீட்டர் மில்லர் அவற்றைச் சுத்தம் செய்து நியூயார்க்குக்கு அனுப்ப, 1976-இல் புத்தகம் வந்து உலகம் கொண்டாடியது. 2004-க்குப் பிறகு சேகரிப்பாளர்கள் அந்தக் கவுண்டிக்கே ஆள் அனுப்பி, வீட்டு ஆல்பங்களில் இருந்த மூலப் படங்களைப் பணம் கொடுத்து வாங்கிப் போனார்கள்.

படங்கள் காப்பாற்றப்பட்டன, சந்தேகமில்லை. அவற்றின் அழகும் என்னைக் கட்டிப்போடத்தான் செய்கிறது. ஆனால் ஓர் ஆல்பத்தில் பெரியப்பாவாகவும் சின்னம்மாவாகவும் இருந்தவர்கள் கண்காட்சிச் சுவருக்குப் போனதும் 'இரண்டு பெண்கள்', 'தொப்பி அணிந்தவர்' என்று ஆகிவிடுகிறார்கள். பணம் வாங்கிய குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது; அந்தக் காசு அவர்களுக்கு உதவியிருக்கும். விற்கும் முன் ஒரு நகலும், அதில் இருப்பவர்களின் பெயர்களும் கவுண்டி நூலகத்தில் தங்கியிருக்கவேண்டும். என் ஆதங்கம் அவ்வளவுதான்.

எங்கள் மேசைக்கு வருபவை பெரும்பாலும் ஷூ டப்பாக்கள். அம்மா இறந்த பிறகு வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். டப்பாவை வைத்ததும் அவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "இதில் யார் யார் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத்தான் தெரியும்." இந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்காத சனிக்கிழமை குறைவு. எழுபது எண்பது வருடம் தாக்குப்பிடித்த படம், அதில் இருப்பவரின் பெயர் ஒரே ஒரு தலைக்குள் இருந்த காரணத்தால் அந்தத் தலையோடு போய்விடுகிறது. படத்தின்மேல் இருக்கும் வெள்ளிப்பூச்சு மங்குவதற்கு நூறு வருடம் ஆகும். பெயர் மறைய ஒரு மாரடைப்பு போதும். நான் இந்தப் பதிவை எழுதுவதே இதைச் சொல்லத்தான்: முதலில் பெயரை எழுதுங்கள். ஸ்கேனர் அப்புறம். உறை அப்புறம். யார் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவரோ அவர் பக்கத்தில் இன்றைக்கே போய் உட்காருங்கள்.

எழுதுவதிலும் முறை உண்டு. பால்பாயின்ட் பேனாவால் படத்தின் பின்பக்கம் அழுத்தி எழுதினால் முன்பக்கம் முகத்தின்மேலேயே கோடு எழும்பும். மை கசிந்து அடுத்த படத்தில் ஒட்டும். பழைய காகிதப் படங்கள் என்றால் மிருதுவான பென்சிலால், கெட்டியான தரையில் கவிழ்த்து வைத்து, ஓரத்தில் மெதுவாக எழுதலாம். 1970-கள் முதல் வந்த பிளாஸ்டிக் பூச்சுள்ள படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றை அமிலம் இல்லாத காகித உறையில் போட்டு, உறைமேல் எழுத வேண்டும், அதுவும் படத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே. 'பாட்டி' என்று எழுதாதீர்கள். யாருடைய பாட்டி? முழுப்பெயர், பெண்களானால் பிறந்த வீட்டுப் பெயரும், ஊர், சுமாரான வருடம், இதைச் சொன்னது யார், என்றைக்குச் சொன்னார்.

படங்களைக் கெடுப்பதில் முதலிடம் வீட்டின் நிலவறைக்கும் பரணுக்கும். ஒன்றில் ஈரம், மற்றதில் வெயிலும் குளிரும் மாறி மாறி. மனிதர்கள் குடியிருக்கும் அறையின் அலமாரிதான் படங்களுக்கும் நல்லது. அடுத்த எதிரி, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வீட்டுக்கு வீடு வாங்கிய, பசை தடவிய பக்கங்கள்மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பம். அந்தப் பசை வருடம் ஆக ஆகப் படத்தை விடாது. விரலால் பிய்த்து எடுத்தால் படம் கிழியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு, அறுப்பதுபோல முன்னும் பின்னும் மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அப்படியும் வரவில்லையென்றால் விட்டுவிட்டு அந்தப் பக்கத்தையே முழுசாகப் படம் எடுத்துக்கொள்வோம். கண்ணாடி நெகட்டிவ்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டால் கீழே இருப்பது பாரத்தில் உடையும். தனித்தனிக் காகித உறையில் போட்டு, நீளமான பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைக்கவேண்டும். ஃபிலிம் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் ஸ்கேன் செய்கிறோம்.

2019 மார்ச்சில் வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. உறைந்த நிலத்தின்மேல் மழை. பனியும் உருகி ஓடி, நயோப்ரரா ஆற்றில் இருந்த ஸ்பென்சர் அணையே அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்ததும் பல வீடுகளில் ஆல்பங்கள் நனைந்து கட்டியாகிக் கிடந்தன. நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் அதோடு முடிந்தது. ஆகவே ஈரமாக இருக்கும்போதே பிரித்து, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் சேறு போக அலசி, முகம் மேலே பார்க்க உலர்த்தவேண்டும். மேற்பரப்பைத் துடைக்கக்கூடாது. அத்தனையையும் உடனே செய்ய ஆளில்லையென்றால் மெழுகுத்தாள் இடையில் வைத்து, பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். பூஞ்சை பிடிக்காது, பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். மாட்டிறைச்சி வைக்கும் பெரிய ஃப்ரீசர் இங்கே எல்லாப் பண்ணை வீட்டிலும் உண்டு. அந்த வசந்தத்தில் சில வீடுகளில் இறைச்சிப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் கல்யாண ஆல்பங்கள் இருந்தன.

ஊரில் எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய குழுப் படம் மாட்டியிருந்தார்கள். கோயில் தேர் செய்து முடித்த வருடம் எடுத்தது என்பார்கள். தலைப்பாகைகளும் மீசைகளுமாக மூன்று வரிசை. சின்ன வயதில் எங்கள் அத்தை அதன் கீழே நின்று, "இவரு ஆசாரி, இவரு நம்ம பெரிய தாத்தா, இந்தப் பய பிற்பாடு கொழும்புக்குப் போயிட்டான்" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் விளையாட ஓடிவிடுவோம். இப்போது படம் தம்பி வீட்டில் பத்திரமாக இருக்கிறது, நல்ல சட்டத்தில். அத்தை இல்லை. அதில் எங்களால் பெயர் சொல்ல முடிவது தாத்தாவை மட்டும்தான். இங்கே யாரோ ஒரு ஜெர்மானியக் குடியேறியின் பெயருக்காக நான் பழைய சர்ச் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பதற்கு இதுவும் சேர்த்துத்தான் காரணம்.

ஸ்கேன் செய்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை இன்றைக்கு எல்லா இடத்திலும் இருக்கிறது. சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), சின்ன நெகட்டிவுக்கு அதைவிடப் பல மடங்கு, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு, வெவ்வேறு இடத்தில் மூன்று நகல். இதெல்லாம் அவசியம்தான், செய்யவும் செய்கிறோம். ஆனால் பெயரில்லாத படத்தை ஸ்கேன் செய்தால் பெயரில்லாத கோப்புதான் கிடைக்கும். இருநூறு படங்கள் வெறும் எண்களோடு ஒரு கணினியில் கிடப்பதற்கும் டப்பாவில் கிடப்பதற்கும் என்ன வித்தியாசம்? அதனால் எங்கள் மேசையில் வரிசை இதுதான்: பேச்சு, பெயர், பிறகுதான் ஸ்கேன். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்கிறோம். யாரோ ஒரு பெண் அழகான சாய்வெழுத்தில் எழுதிவைத்த இரண்டு வார்த்தை சில நேரம் முன்பக்கத்தைவிட அதிகம் பேசும்.

இப்போது கையில் இருப்பது ஓரறைப் பள்ளி ஒன்றின் படம். இப்படிப்பட்ட கிராமப் பள்ளிகளை நடத்திவந்த 'பள்ளி மாவட்டங்கள்' என்ற தனி நிர்வாகங்கள் 2006-இல் சட்டப்படி கலைக்கப்பட்டன. கட்டடங்கள் பல வயல் நடுவே இடிந்து கிடக்கின்றன. படத்தைப் பெரிதாக அச்சடித்து, ஊர் காபிக் கடைச் சுவரில் ஒட்டி, கீழே நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டோம். ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண், எண்ணுக்கு எதிரே எழுத இடம். காலையில் காபி குடிக்க வரும் விவசாயிகள் முன்வரிசையைச் சீக்கிரம் நிரப்பிவிட்டார்கள். பின்வரிசையில், கட்டிய கையோடு நிற்கும் உயரமான பெண்தான் சிக்கல். ஒருவர் அது தன் அம்மாவின் தோழி என்கிறார். இன்னொருவர், இல்லவே இல்லை, அது அந்த வருடம் வந்த புது டீச்சர், ஒரு குளிர்காலம்கூடத் தாங்காமல் ஊருக்குப் போய்விட்டார் என்கிறார். இரண்டு பேரும் தொண்ணூறை நெருங்குபவர்கள், இரண்டு பேரும் உறுதியாகச் சொல்கிறார்கள். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று போட்டு இரண்டையும் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்து அந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைத் தேடவேண்டும். அது கவுண்டி அலுவலகத்தில் இருக்கலாம் என்று காபிக் கடைக்காரர் சொன்னார். திங்கட்கிழமை போய்க் கேட்கப்போகிறேன்.